செருப்புக் காவலிலிருந்து என்னை மீட்டவன்

முருகனை நம்பும் சகோதரிகளே, மூன்று தைப்பூசம் நான் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருந்தேன். குடும்பமே மேலே ஏறும். நான் மட்டும் அவர்கள் கழற்றிப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

முழங்கால் மூட்டில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை, தேவையானால் ஊசி, எதற்கும் கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகளையும் சொன்னார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"மாத்திரை போதும் டாக்டர்."

காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தியதும் சிரித்தார். "முடி வளருது, நகம் வளருது, இப்ப எலும்பும் வளருது. அதுக்கு வாரா வாரம் உன்ன ஏத்திக்கிட்டு அலைய முடியுமா லா? சமையல் வேலையப் பாரு."

மாத்திரையை விழுங்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சமைத்தேன். கழிவறையில் எழ முடியாமல் கூப்பிட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அங்கேயே உட்கார்ந்து அழுவேன்.

மூன்றாவது தைப்பூசத்தில் தன் செருப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். மலையைப் பார்த்துக் கேட்டேன்.

"முருகா, என்னை ஏற வுடு. இல்லேன்னா இந்த மனுசன இங்க உக்கார வை."

அவன் இரண்டையும் கொடுத்தான்.

சில மாதத்தில் அவர் முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேயில் அதே முள். அவருக்கு மட்டும் மாத்திரை போதவில்லை. ஊசி, பயிற்சி எல்லாம் உடனே வேண்டும். பை தூக்க நான் கூடப் போனேன். பயிற்சி கொடுக்கும் பெண் என் நடையைப் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கும் கால் சரியில்லையே? டாக்டர்கிட்ட சொல்றேன், நீங்களும் செய்ங்க."

அவர் வலிக்கிறது என்று கத்தினார். இரண்டாம் முறையோடு பயிற்சியை நிறுத்திவிட்டார். நான் விடவில்லை. வீட்டிலும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டு செய்தேன். முள் கரையவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் காலுக்குப் பலம் வந்தது, வலி அடங்கியது.

இந்தத் தைப்பூசத்தில் மலை ஏறினேன். நின்று நின்றுதான் ஏறினேன். சன்னிதியில் கண்ணீர் நிற்கவில்லை. கீழே அதே நாற்காலியில் அவர்.

"சீக்கிரம் வா லா, கால் கடுக்குது," என்று நான் ஏறக் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

"செருப்பப் பாத்துக்குங்க," என்று என்னுடையதையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். சன்னிதியில் நிற்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. பூஜை முழுவதையும் பார்த்தேன்.

சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். அவன் முன்னால் நல்லவளாக நடிக்க வேண்டாம். மனதில் இருப்பதை அப்படியே கேளுங்கள். என் முருகன் கைவிட மாட்டான்.

அவர் காலுக்காக நான் இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கும் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.