அண்ணன் வீட்டிலேயே குணமானார்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்காக அவருடைய தங்கை எழுதுகிறேன். யாரையும் அழவைக்க எழுதவில்லை.

அண்ணன் யட்டவத்த பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு றப்பர் பால் வெட்டப் போனார். என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். கோபம் வந்தால் பேசமாட்டார், சந்தோஷம் வந்தால் பாடுவார். கோபமே பரவாயில்லை என்பார் மதினி.

அப்படிப்பட்டவருக்கு ஒருமுறை மனம் கலங்கிப்போனது. தூக்கம் போனது. சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகத் தட்டைத் தள்ளினார். கேள்விப்பட்டதும் லயமே திரண்டு வந்துவிட்டது. நம் ஆட்களின் பாசம் அப்படி. பாய் விரித்து உட்கார்ந்து, ஆளாளுக்குப் புத்தி சொல்லி, அழுது, சத்தமாகச் செபமாலையும் சொன்னோம். அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டார்: "நான் செத்துப்போயிட்டேனா? ஏன் எல்லாரும் வந்து செபம் சொல்றீங்க?"

பயந்துபோய் வேனுக்குச் சொன்னோம். தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டித் தூக்கிப் போவதாக முடிவு. மாமா கயிறும் கொண்டுவந்தார். அதைக் கண்டு அண்ணன் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பெற்ற மகளைப் பார்த்தே நடுங்கினார்.

நல்லவேளை, தோட்டத்து மிட்வைஃப் அக்கா போன் பண்ணியதால் மனநலப் பிரிவு டொக்டரும் தாதி மிஸ்ஸியும் வந்துசேர்ந்தார்கள். மிஸ்ஸி சிங்களவர், நம் தமிழ் நன்றாகப் பேசுவார். வாசலிலேயே நின்று, "இது என்ன, செத்த வீடா? ரெண்டு பேரு மட்டும் இருங்க. மத்தவங்க போயி சமைச்சு அனுப்புங்க," என்றார். டொக்டர் தரையில் உட்கார்ந்து அண்ணனிடமே கேட்டார்: "மருந்து குடிச்சிட்டு வீட்டுலயே இருப்போமா? நாங்க தெனம் வந்து பாக்குறோம்."

அண்ணன் தலையாட்டினார். மாமா வேனைத் திருப்பி அனுப்பினார்.

சொன்னபடியே மிஸ்ஸி தினமும் வந்தார். மதினியும் நானும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். அடுத்த வீட்டுக் காம்பராவில் ரேடியோவைக்கூட நிறுத்தினார்கள். அண்ணன் முதலில் தூங்கினார், பிறகு சாப்பிட்டார். ஒரு காலையில் பாடினார். மதினி அடுப்படியில் நின்று அழுதார்.

அதன்பின் மருந்தை அவர் விடவில்லை. மகளைக் கல்யாணத்தன்று கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போனார், பேரனைத் தூக்கிக் கொஞ்சினார். கடைசியில் வந்தது இதய நோய். எங்கள் நடுவில், மகளின் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடினார்.

மிட்வைஃப் அக்காவுக்கும், டொக்டருக்கும், மிஸ்ஸிக்கும், சோறு அனுப்பிய லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களால்தான் அண்ணன் எங்களுக்குப் பயப்படாமல் வாழ்ந்தார். பயப்படாமலே போனார்.