புளிக்கரைசலுக்கு ஒரு டிக்

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஹிஸ்டரின்னாலே ஆவறதில்ல, மிஸ்."

2012ல் நான் கடலூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையில் இந்த வசனத்தைக் கேட்காத வாரம் கிடையாது. ஒருவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். இன்னொருவர் செல்போன் என்பார், மற்றவர் டி.வி. என்பார், என்ஜினீயரிங் மோகம் என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பசங்க எழுதறத நீங்க முழுசாப் படிக்கறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். புதிதாக வந்தவள் இப்படிக் கேட்கலாமா என்று எல்லோருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. கேட்கிற பாத்தியதை எனக்கு உண்டு. நானும் ஹிஸ்டரி குரூப்தான்.

2005ல் பத்தாம் வகுப்பு முடித்தேன். நல்ல மார்க். பிளஸ் ஒன் சேர்க்கையில் எங்கள் பள்ளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மார்க் ஜாஸ்தி வாங்கியவர்களை முதலில் கூப்பிட்டு ஃபர்ஸ்ட் குரூப் கொடுப்பார்கள், அதற்கடுத்த மார்க்குக்கு அடுத்த குரூப். கடைசியாக மிஞ்சி நிற்பவர்களை "நீங்கல்லாம் ஹிஸ்டரி" என்று மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். என்னை ஆரம்பத்திலேயே கூப்பிட்டார்கள். போய் நின்று, "எனக்கு ஹிஸ்டரி குரூப் குடுங்க, மிஸ்" என்றேன். தலைமையாசிரியை மார்க் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஓர் இடிந்த கோட்டைச் சுவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சுண்டல் தின்னப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டைக்காக வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா ஒப்புக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்தார்கள். பிளஸ் டூ வந்ததும் அடுத்த சண்டை. சிதம்பரத்தில் பி.ஏ. வரலாறு படிக்கப்போகிறேன் என்று சொன்னேன். என் மாமா வீட்டில் அப்போதே என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரேயடியாக ஒன்று சொன்னார்.

"அரைப் பரீட்சையில கிளாஸ்ல மொத ரேங்க் வா, சிதம்பரம் அனுப்பறேன். வரலியா, மாமா வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்பறம் அழக்கூடாது."

"வர்றேன்" என்றேன்.

மொத ரேங்க் வருவது கஷ்டமே இல்லை என்பதுதான் கொடுமை. எங்கள் வரலாற்று ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. வணிகவியல் சாரைப் பிடித்து எங்களுக்கும் அனுப்பினார்கள். பாவம், அவர் தன் பாடத்தையும் நடத்திவிட்டு எங்களிடம் வந்து கைடைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் கோடு போட்டுக்கொள்வோம். பரீட்சைப் பேப்பரை அவர் படிப்பதில்லை, நீளம்தான் பார்ப்பார். எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கி நூலில் கட்டியிருக்கிறோமோ அத்தனைக்கு மார்க். இது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பாடம். நடுவில் எதையாவது எழுதி, உபதலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டால் போதும். சினிமாக் கதையை எழுதி முழு மார்க் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மனுஷன் ஒரு வரிகூடவா படிக்கமாட்டார்? பார்த்துவிடலாம் என்று அரைப் பரீட்சையில் இறங்கினேன். கர்நாடகப் போர்கள் பற்றி இருபது மார்க் கட்டுரை. ஆரம்பமும் முடிவும் ஒழுங்காக எழுதிவிட்டு, நடுவே "விளைவுகள்" என்று தலைப்புப் போட்டு, அம்மா நெத்திலிக் குழம்பு வைக்கும் முறையை எழுதினேன். வெங்காயம் வதக்குவதிலிருந்து ஆரம்பித்தேன். பொங்கல் லீவு முடிந்து பேப்பர் வந்தது. இருபதுக்கு இருபது. "புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும்" என்ற வரிக்கு நேராகச் சிவப்பு மையில் அழகாக ஒரு டிக். வகுப்பில் நான்தான் மொத ரேங்க்.

பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் என்னவோ எரிந்தது. கோட்டையும் ஒன்று, குழம்பும் ஒன்றா? இதற்கா ஊரோடு சண்டை போட்டு வந்தேன்? முதுநகரிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண் என் பெஞ்சில்தான் இருந்தாள். அடிஷனல் ஷீட் வாங்கமாட்டாள். முழுக்கப் பாடத்தை மட்டும், பொடி எழுத்தில், அளவாக எழுதியிருந்தாள். அவளுக்குப் பதினொன்று போட்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் நான் எழுந்தேன்.

"எங்கடி போற? ஒம் மார்க்க நீயே கெடுத்துக்காத, உக்காரு" என்று பாவாடையைப் பிடித்து இழுத்தாள் அவளே.

நேராக மேஜைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். "சார், இத ஒரு தடவ படிங்க."

படித்தார். முகம் சிவந்தது. "என்ன கொழுப்பு ஒனக்கு? ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட கூட்டிப்போவட்டுமா?" என்று கத்தினார். "கூட்டிப்போங்க சார். ஆனா மொதல்ல இதுக்கு மார்க்கக் கொறைங்க. அப்பறம் அவ பேப்பரப் படிங்க" என்றேன். மேஜையை விட்டு நான் நகரவில்லை. சார் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எனக்கே அந்தப் போர் தெரியாதும்மா. தெரியாதத என்னன்னு படிச்சுத் திருத்தறது?"

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பேப்பரையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். அந்தக் கட்டுரைக்கு எனக்கு ஒன்பது. மொத ரேங்க்கிலிருந்து மூன்றாவதுக்கு வந்துவிட்டேன். பாதி வகுப்புக்கு மார்க் சரிந்தது. "ஒன்னாலதாண்டி! வாய வச்சிக்கிட்டு இருக்கமாட்டியா?" என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துத் தின்றார்கள். முதுநகர்ப் பெண்ணுக்குப் பதினெட்டு. அவள்தான் மொத ரேங்க். "அல்லாவே, என் பேப்பர சார் படிச்சிட்டாரா!" என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று மத்தியானம் அவள் கட்டுரையைச் சார் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்த இடம் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "சார், இது நம்ம தேவனாம்பட்டினமா?" என்று கேட்டாள். காலையில்தான் என்னைத் திட்டித் தீர்த்தவள் அவள். "ஏன் இடிச்சாங்க? வச்சிருந்திருக்கலாமில்ல?" என்று இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சார் கைடைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார். மறுநாள் படித்துவிட்டு வந்தார்.

அதெல்லாம் சரி, வீட்டுக்கு ரேங்க் கார்டு போக வேண்டுமே. அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில், கரும்பு வண்டிகள் எடைமேடை ஏறும் இடத்தில் வேலை பார்த்தார். லோடில் எவ்வளவு கரும்பு, எவ்வளவு காய்ந்த சோகை இலை என்று பார்த்து, சோகைக்கு எடையில் கழித்துவிடுவது அவர் வேலை. சீசன் சமயத்தில் டிராக்டர்காரர்கள் "மாமா, கொஞ்சம் பாத்துக் கழி மாமா" என்று வாசல்வரை வருவார்கள். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் கார்டைக் கொடுத்தேன்.

"மூணா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பைச் சொன்னேன், டிக்கைச் சொன்னேன், நானே போய் மார்க்கைக் குறைக்கச் சொன்னதைச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மொத ரேங்க் கையில இருந்திச்சி, அதப் போயி யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? இனிமே மாமா வூடுதான், போ" என்றாள். ஆனாலும் சொன்னேன்: "திரும்ப வந்தாலும் அதையேதாம்ப்பா செய்வேன்."

அப்பா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அந்தச் சோகைய நீயேவா உருவிட்டு, இப்ப எட போடுங்கன்னு சொன்ன?"

"ஆமா."

"இத்தன வருசத்துல எங்கிட்ட ஒருத்தன் தானா உருவிட்டு வந்ததில்ல" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "மாமா வூட்டுக்கு நான் பேசிக்கறேன். சிதம்பரத்துல அப்ளிகேஷன் எப்ப குடுப்பாங்கன்னு கேட்டுக்கினு வா."

அந்த வருஷமே சிதம்பரம் போனேன். கோட்டையின் மீதிக் கதையைப் படித்தேன், அதற்கு மேலும் படித்தேன், பி.எட். முடித்தேன், வேலைக்கு வந்தேன்.

ஆசிரியர் அறையில் நான் அப்படிக் கேட்ட அதே வாரம், திருத்த எடுத்த பேப்பர் ஒன்றில் ஒரு சினிமாக் கதை வந்தது. சிப்பாய்க் கலகத்தின் காரணங்களுக்கு நடுவில், கோடெல்லாம் போட்டு, இரண்டு பக்கம். முழுதாகப் படித்தேன். எழுதிய பெண்ணைக் கூப்பிட்டு, "கதாநாயகன் சாவறான்னு எழுதியிருக்க, படத்துல சாவலியே?" என்றேன். அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. "முழுசாவா படிச்சீங்க, மிஸ்?" என்றாள். உட்காரவைத்து அந்த இரண்டு பக்கத்தையும் பாடத்தை வைத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். படித்து இருபதுக்கு எட்டு மார்க் போட்டேன்.

மறுநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். "இது ஏன் தப்பு மிஸ்? சிப்பாய்ங்க தோத்ததுக்கு நான் எழுதுன காரணமும் இருக்குல்ல? இதோ பாருங்க, இந்த வரி" என்று எல்லோர் எதிரிலும் என்னோடு சண்டை பிடித்தாள். டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. அவள் காட்டிய வரி சரிதான். எட்டைப் பத்தாக்கினேன். அதுவும் போதாதென்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.