ஒரு கொம்புக்காவது நிற்கட்டும்

பியூகிள் கொம்பு ஊதுகிறவனுக்கு உதடுதான் சொத்து. நவம்பர் பிறந்துவிட்டால் நான் பச்சை மிளகாயைத் தொடமாட்டேன். தேத்தண்ணியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பேன். "மகாராசாவுக்கு உதடு கொப்பளிச்சிருமாம்" என்று என் மனைவி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை ணங்கென்று வைப்பாள். வைக்கட்டும். மற்ற நாளெல்லாம் நான் கண்டி அரசாங்கக் கச்சேரியில் கடிதம் நகலெடுக்கும் குமாஸ்தா. தொண்டர் படைச் சட்டையோடு நகரத்து நினைவுக்கல் முன்னால் நிற்கும் அந்த ஒரு நவம்பர் காலையில் மட்டும், நான் பியூகிளை வாயில் வைத்தால் துரைமார் தொப்பியைக் கழற்றுவார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

நான் ஊதுவது, ஜெர்மன்காரனோடு நடந்து நவம்பரில் ஓய்ந்த பெரிய சண்டையில் செத்தவர்களுக்கான கடைசி ஊதல். பட்டாளத்துக்காரனைப் புதைக்கும்போதும் அதுதான். தொடங்கிவிட்டால் முடியும்வரை யாரும் அசையக்கூடாது.

ஒரு நவம்பரில் ஊதி முடித்து பியூகிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருத்தி முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் ஒரு சின்னக் குருசு.

"ஐயா, இந்தக் கொம்ப எங்க வீட்டுக்காரருக்கும் ஊதுவீங்களா?"

"அவர் செத்துட்டாராம்மா?"

"இன்னும் இல்லீங்க. நெஞ்சுச் சளி. டாக்டரு கைய விரிச்சிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு இருக்கிற மனிதனுக்குச் சாவுக் கொம்பு பேச வந்திருக்கிறாளே! பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவரா என்று கேட்டேன். இல்லையாம். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போயிருந்தபோது ஆள் சேர்த்தார்களாம். கப்பலேறி அரபு நாட்டு பஸ்ராவுக்குப் போய், குண்டடி பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தாராம்.

"துப்பாக்கி பிடிக்காதவனுக்கு ஊத எங்களுக்கு உத்தரவு இல்லம்மா" என்றேன், ஏதோ சட்டமே நான் எழுதியது போல.

அவள் போகவில்லை. "அங்கயும் அப்படித்தானாம் ஐயா. தூக்குனவங்க செத்தா சும்மா பொதைச்சிருவாங்களாம். இவுக சொல்லுவாக, 'கொம்பு ஊதுனா ஓடித்தான் நமக்குப் பழக்கம். ஒரே ஒரு கொம்புக்குத்தான் எல்லாரும் அசையாம நிப்பாங்க, வெள்ளக்காரன்கூட நிப்பான். நான் போனா அத ஊதச் சொல்லு. நம்ம சனம் ஒரு கொம்புக்காவது ஓடாம நிக்கட்டும்'னு. சாப்பாடு எறங்கலைன்னாலும் இதையேதான் சொல்றாக."

பார்க்கலாம் என்றேன். தட்டிக்கழிக்கச் சொன்ன பார்க்கலாம்தான். ஆனால் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஓடித்தான் பழக்கம் என்றாளே, எந்தக் கொம்புக்கு ஓடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பெரிய பியூகிள்காரன்!

சித்திரை கடைசியில், அந்த அம்மாவின் தோட்டமிருக்கும் ஹேவாஹெட்டையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறிக்காரர் கச்சேரி வாசலில் என்னைத் தேடி வந்தார். "அவரு தவறிட்டாருங்க. நாளைக்கு மத்தியானம் அடக்கம். அந்தம்மா ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லிச்சு."

உத்தரவில்லாமல் படைச் சட்டையோடு போனது தெரிந்தால் என்னைப் படையிலிருந்து தூக்கியெறிவார்கள். மனைவி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். காலைத் தேத்தண்ணியை அவளே ஆற்றிக் கொடுத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏற்றம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் புதைகுழி. சனம் இருநூறு பேராவது இருக்கும். பங்குச் சாமியார் வர முடியாததால் கோயில் உபதேசியார் செபம் சொன்னார். எல்லோரும் வேலை உடுப்பிலேயே இருந்தார்கள். பெண்கள் இடுப்பில் சாக்குக் கட்டியிருந்தார்கள், கூடைகள் வேலியோரம் அடுக்கியிருந்தன. அடக்கத்துக்குத் துரை லீவு தரவில்லை, சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று உபதேசியார் காதோடு சொன்னார். செத்தவரின் மனைவி குழியின் தலைமாட்டில் நின்றாள். அழுது முடித்த முகம். என் சட்டையையும் பித்தளைப் பொத்தான்களையும் பார்த்துத் தலையசைத்தாள்.

பெட்டியை இறக்கினார்கள். நான் குதிகாலைச் சேர்த்து நின்று ஊதினேன். கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம். அவ்வளவுதான் ஊதியிருப்பேன்.

கூட்டம் ஓடியது!

குளவி கலைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். குளவியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெண்கள் கூடையை எட்டி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டே ஓடினார்கள். பெட்டியை இறக்கிய நாலு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் குழியடியில் நானும் உபதேசியாரும் மட்டும். ஐயோ, தலைமாட்டில் பார்த்தால் அவளும் இல்லை! இடுப்புச் சாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக, கீழே பாதை திரும்பும் கொய்யாமர வளைவில் அவளும் ஓடிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, அச்சு அசலா பிரட்டுக் கொம்பு மாதிரியே இருக்கே!"

பிரட்டு என்றால் வேலைக்கு ஆள் நிறுத்தும் வரிசை. விடியற்காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, காவல்காரன் ஒரு பழைய பித்தளைக் கொம்பை ஊதுவானாம். கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது. அந்தச் சனம் அந்த நிமிடம் அதற்குத்தான் காதைத் தீட்டி வைத்திருந்தது.

கொய்யா மரத்தடியில் அவள் நின்றதைப் பார்த்தேன். பிடரியில் அடி வாங்கினவள் போல நின்றாள். பிறகு மேட்டில் ஏறி வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. தலைமாட்டில் வந்து நின்று, "ஊதுங்க" என்றாள்.

பியூகிளைத் திரும்ப உதட்டில் வைத்தேன். உலகத்துப் பச்சை மிளகாயையெல்லாம் தின்றவன் போல எரிந்தது. ஆனாலும் முதலிலிருந்து ஊதினேன்.

பாதி ஊதியிருப்பேன். வளைவில் குதிரை தெரிந்தது. தோட்டத்துத் துரை. எனக்கு அடையாளம் தெரிந்த முகம்; நவம்பரில் மெடல் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பவர். நேரத்துக்கு முன்னால் கொம்பு ஊதினது எவன் என்று பார்க்கக் கொதித்துக்கொண்டு வந்திருக்கிறார். பிரம்பை என் பக்கம் நீட்டி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அடுத்த கணம் அந்த மனிதர் குதிரையிலிருந்து குதித்தார், தொப்பியைக் கழற்றினார், குதிகாலைச் சேர்த்துக்கொண்டு கம்பமாக நின்றார். யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. உடம்பு நின்றுவிட்டது, அவ்வளவுதான். அவருக்குப் பின்னால், பிரட்டு இல்லையென்று தெரிந்து திரும்பி வந்த சனம், துரை நிற்பதைப் பார்த்துக் கூடையோடு அங்கங்கே நின்றது. கடைசிச் சுரம் மலையில் போய் அடங்கும்வரை ஒரு இலை அசையவில்லை.

"யாருக்கு?" என்றார் துரை. கூட்டத்தோடு வந்த கங்காணி சொன்னார். துரையின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. தொப்பியை வைத்துக்கொண்டு, உனக்கு உத்தரவு கொடுத்தது யார் என்று இங்கிலீசில் கேட்டார். யாருமில்லை என்றேன். என் படையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு குதிரையைத் திருப்பினார்.

உடனேயே கீழே நிஜமான பிரட்டுக் கொம்பு ஊதியது. சனமெல்லாம் ஓடியது. அவள் மட்டும் அசையவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "தொரையே தொப்பியக் கழட்டிட்டு நின்னாரும்மா, பாத்தீங்களா? கடைசி வரைக்கும் நின்னாரு" என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

"தொர நின்னா நிக்கட்டும்" என்றாள். "நானு ஓடிட்டேனே ஐயா."

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எம்புட்டுத் தூரம் ஓடுனேன்? நீங்க பாத்தீங்கள்ல?"

"ரெண்டு எட்டு வச்சிருப்பீங்கம்மா. அதுக்குள்ள திரும்பிட்டீங்க."

அவள் கொய்யா மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். குழியடியிலிருந்து அறுபது எட்டுக்குக் குறையாது.

"ரெண்டே ரெண்டு எட்டுதான்" என்று மறுபடியும் சொன்னேன்.