சவரிமுத்து அண்ணன் கழித்துப் போட்ட தோட்டாக் கூடுகள்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ஜெபல் அலியில் நான் இப்போது வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டவர் கணேசமூர்த்தி. அண்ணனும் நானும் வேலை பார்த்த தோட்டத்தின் மானேஜர். கைகூப்பிய படம், ரோஜாப்பூ படம், அதற்குக் கீழே இரண்டு வரி: 'அன்பே உருவானவர். சிக்கனத்தின் அருமையை எனக்கு உணர்த்திய மாமனிதர்.' நான் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் வரிசையாக அழுகிற முகங்கள் வந்து விழுந்தன.

அன்பே உருவானவராம். பர் துபாயில் அவரோடு ஒரே ரூமில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களில் யாரையாவது அவர் திட்டாமல் விட்டாரா? குழாயைச் சரியாக மூடாதவன் 'கூறுகெட்ட மூதி'. தேங்காய் இல்லாமல் மீன்குழம்பு வைத்தவன் 'மனுசப் பிறவியே கிடையாது'. செத்தவுடன் எல்லாரையும் ஒரே சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அவருக்கும் பிடித்ததில்லை. சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டால் காறித் துப்புவார். அதைப் போய் அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறார் மானேஜர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணனுக்குத் தூத்துக்குடிக் கடற்கரை. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு இங்கே வந்து, கொஞ்ச நாள் பர் துபாய் ரூமில் இருந்துவிட்டு, ஊருக்கு வெளியே ஓர் அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், தோட்டத்தில் சேர்ந்தார். அர்பாபுக்குக் கைத்துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் மணலைக் குவித்துச் சொந்தமாகச் சுடும் இடம் வைத்திருந்தார். அதற்கான லைசென்ஸ் காகிதம் எல்லாம் அவரிடம் இருந்தது. அண்ணனுக்குத் துப்பாக்கிகளைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலை. நான் பெரம்பலூரிலிருந்து வந்து அங்கே எடுபிடி.

அந்த அர்பாபின் காதில் ஒரு நாள் மானேஜர் ஓதினார். சுட்ட பிறகு கீழே விழுகிற பித்தளைக் கூடுகளைக் குப்பையில் போடுகிறோமே, அதிலேயே திரும்பவும் மருந்தும் ஈயக் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்தால் கடை விலையில் பாதிதான் ஆகும் என்றார். அர்பாபின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் ஐந்து கார்கள் ஏ.சி. ஓட ஓட ஆளில்லாமல் நிற்கும் வீடு அது. நீச்சல் குளத்துத் தண்ணீரைக் குளிர வைக்கத் தனி இயந்திரம் இருந்த வீடு. அங்கே தோட்டாவில் மிச்சம் பிடிக்கப் போகிறார்கள்!

வண்டி நிறையச் சாமான்கள் வந்து இறங்கின. கூட்டுக்குள் குண்டை அழுத்தும் பிரஸ், மருந்து நிறுக்கும் தராசு, கூடு கழுவும் மெஷின், அவற்றை வைக்க மர மேஜை. எல்லாவற்றையும் ஓர் அறையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு அண்ணன் என்னிடம் சொன்னார்: "பாத்தியால பெரம்பலூரு, மிச்சம் பிடிக்கதுக்குன்னே செலவு பண்ணுத கூட்டம் இது."

அவர் சொன்னபடியே நடந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் சுட்டுக்கொண்டிருந்த அர்பாப், மலிவாகக் கிடைக்கிறது என்றதும் நாள் தவறாமல் சுட ஆரம்பித்தார். மிச்சமானது எல்லாம் மணல் மேட்டுக்குள் போய்ப் புதைந்தது. மானேஜர் மட்டும் "பாதிதான் சார், பாதிதான்" என்று பாடிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அந்த அறைக்குள் அண்ணன் வேறு ஆள். கதவில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்காருவார். ஒரு முறை மானேஜர் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தபோது, "வெளிய போம் வே, ஒம்ம வாய் சத்தத்துல என் எண்ணிக்க தப்பும்" என்று விரட்டினார். ஒவ்வொரு கூட்டையும் விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும், பலமுறை சுட்டு நைந்திருந்தாலும் அதன் அடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துத் தனி வாளியில் போடுவார். அந்த வாளியில் விழுந்ததைச் சுத்தியலால் தட்டி நசுக்க வேண்டியது என் வேலை. நசுக்கினால்தான் யாரும் திரும்ப எடுக்க முடியாது. ஒரு நாள் நான் அரைகுறையாக நசுக்கியதைப் பார்த்துவிட்டார்.

"ஏல, இது என்ன, கொழுக்கட்டையா பிடிக்க? இது எவன் கையிலயாவது வெடிச்சா, அவன் பொண்டாட்டிக்கு நீயா சோறு போடுவ?"

தோட்டா தயாரானதும் நேரே அர்பாபிடம் கொடுக்க மாட்டார். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலவற்றை எடுத்துப் பின்பக்கம் போய் முதலில் தானே சுட்டுப் பார்ப்பார். "நான் செஞ்சத மொதல்ல நான் சுடணும். இல்லன்னா அது என்ன தொழிலு?" என்பார்.

கழித்துப் போடுவது கூடக் கூட, புதுக் கூடு வாங்கும் செலவும் கூடியது. மானேஜரின் 'பாதி' ஆட்டம் காண ஆரம்பித்தது. அர்பாப் கேள்வி கேட்டார். அப்போது என் மகன் பிறந்து எட்டு மாதம். நான் அவனைப் பார்த்ததில்லை. என் லீவு இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது. மானேஜர் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் உட்காரச் சொன்னதே அன்றைக்குத்தான்.

"தம்பி, அந்தக் கெழவன் நல்லதையெல்லாம் கழிச்சுப் போடுறான். நீ அதை நசுக்காத. மெஷின்ல போட்டுக் கழுவுனா அந்தச் செவப்பு போயிடும். நல்லதோட கலந்து வெச்சிரு."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"உன் லீவு பேப்பர் இந்த டிராயர்லதான் இருக்கு. புள்ளை மொகத்த பாக்க வேணாமா?"

நான் கலந்து வைத்தேன். ஒரு நாள் அல்ல, மூன்று வாரம். லீவு பேப்பரில் கையெழுத்து விழுந்தது. அண்ணன் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக் கழிக்கிறவர்தான், ஆனால் கழுவி மினுங்கும் கூட்டில் நைவு சட்டென்று தெரியாது. கழித்தது திரும்பி வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. நசுக்கும் வேலை என்னிடம் அல்லவா இருந்தது.

நான் ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தபோது, காலையில், பின்பக்கம் சுட்டுப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடியும் காதடைப்பானும் போட்டிருந்தார். இரண்டு தோட்டா சரியாகப் போனது. மூன்றாவதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. துப்பாக்கியின் கைப்பிடிக்குள்ளிருந்து தோட்டாப் பெட்டி தெறித்து மணலில் விழுந்தது. அவருடைய வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஓடியது. அந்த நிலையிலும் துப்பாக்கியை மணல் மேட்டைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, அந்தக் கூடு எங்க? எடு."

அடிப்பக்கம் கிழிந்த கூட்டை எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். அடியில் இருக்கிற வளையப் பள்ளத்தில் கழுவியும் போகாத சிவப்பு மை நூல் போல ஒட்டியிருந்தது. அவர் போட்ட கோடு. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயில் இருக்கிற அத்தனை வசவும் இப்போது வரப்போகிறது என்று நின்றேன். வரட்டும் என்றுதான் நின்றேன். அவர் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய எடுங்க தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஏல என்று கூப்பிட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸைத் திட்டினார், கஞ்சி கொண்டு வந்தவனைத் திட்டினார், பார்க்க வந்த மானேஜரை அவர் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டினார். என்னிடம், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அர்பாப் கலங்கிப் போய் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "கூடு பழசு. நான்தான் கவனிக்கல" என்று முடித்துவிட்டார். "ஹலாஸ்", முடிந்தது என்று அர்பாப் அந்த அறையையே காலி பண்ணச் சொன்னார். அந்த மாதமே கடைத் தோட்டா பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கடையில் வாங்குவது அவருக்கு முதலிலிருந்தே முடிகிற காரியம்தான்.

அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவில்லை. விரல் மடங்காதவனுக்குத் துப்பாக்கி வேலை இல்லை. அவருடைய கவனக்குறைவு என்று மானேஜர் எழுதி, டிக்கெட் போட்டு அனுப்பி வைத்தார். அதை நான் ஊரில் இருந்தபோது கேள்விப்பட்டேன். மடியில் என் மகன் இருந்தான். 'ஐயோ' என்று மட்டும் பதில் போட்டேன். உண்மையை எழுதவில்லை. லீவு முடிந்து திரும்பி வர வேண்டியிருந்தது. அந்த மானேஜரை எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அதைவிட ஒரு படி கேவலமாகத்தான் என்னை நினைக்கிறேன். அவர் சும்மா சொன்னார். செய்தது என் கை.

கணேசமூர்த்தி சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். ரோஜாப்பூவை எடுத்துவிடுங்கள். அண்ணன் உங்களுக்கு உணர்த்தியது சிக்கனம் அல்ல. நீங்கள் எழுதிய கவனக்குறைவும் அவருடையது அல்ல. அவர் கழித்ததை நல்லதோடு கலந்தது நான், கலக்கச் சொன்னது நீங்கள். இதை இத்தனை பேர் முன்னால் எழுதி வைக்கிறேன்.

செய்தி வந்த அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி பேசினார். கடைசி வாரத்தில்கூட டாக்டரைத் திட்டினாராம், ஜெபம் சொல்ல வந்த சாமியாரைத் திட்டினாராம், மருந்து கொடுக்கிற மகளைத் திட்டினாராம். அழுகைக்கு நடுவில் அந்த அம்மா சிரித்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்கள்:

"இந்த ஒலகத்துல அவுக வாய்க்குத் தப்புன ஆளே கெடையாது. ஒங்க பேரச் சொன்னா மட்டும் பேசாம இருந்துருவாக. ஒங்கள ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்ல தம்பி. ஒங்க மேல அம்புட்டு மரியாத."

ஆமாம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்த மரியாதைதான். அதை வைத்திருக்கிறேன்.