ஸ்தோயன்கா அத்தையின் இடது காது

உலகத்தில் இதுவரை எம்பி3 ஆக அமுக்கிய பாட்டுகளிலிருந்து தூக்கி எறிந்த ஒலிகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டென்றால், அது வ்ரானியே ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மெல்லிய மாவில் இறைச்சியைச் சுற்றிச் சுடும் புரெக் கடை வைத்திருக்கும் ஸ்தோயன்கா அத்தையின் இடது காதுதான். வலது காது அடுப்புக்கு. புரெக் வெந்துவிட்டதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள்.

அவள் அப்பா கல்யாணக் குழுவில் பெரிய மேளம் அடித்தவர். புருஷன் மியோத்ராக் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறார். தினமும் குரல் செய்தி அனுப்புவார். அத்தை கேட்டுவிட்டு, "இது மனுசன் பேசுறதா, தகர டப்பாக்குள்ள ஈ பேசுறதா?" என்பாள். ஆனால் எதையும் அழித்ததில்லை.

ஊர் டிரம்பெட் குழுக்காரர்கள் பதிவை பென் டிரைவில் கொண்டுவந்து முதலில் இவள் கடையில்தான் போடுவார்கள். மாவை வீசிக்கொண்டே கேட்பாள். "மேளத்தோட வால எவன்டா அறுத்தான்?" என்றால் முடிந்தது, பதிவு திரும்பிப் போகும்.

இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று எனக்குக் குடைச்சல். ஒரே பாட்டைப் பல அளவில் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கும் நிரல் ஒரு கணக்குப் போடுகிறது: உரத்த ஒலிக்கு அடியில் கிடக்கும் மெல்லிய ஒலி யாருக்கும் கேட்காது, எறி. இன்னும் இறுக்கினால் கேட்கக்கூடியதையும் எறிகிறது. மேளத்தின் அதிர்வு அடங்கும் இடம், வாசிக்குமுன் இழுக்கும் மூச்சு, எல்லாம் போகும். வேவ் கோப்பு எதையும் எறியாது, அதனால்தான் அவ்வளவு பருமன். அமுக்கியதை மறுபடி வேவ் ஆக மாற்றினால் பருமன் திரும்பும், போனது திரும்பாது. சுருங்கிப்போன சட்டையைப் பெரிய பெட்டியில் வைத்த கதை.

இந்தப் பெட்டி வேலையைத்தான் நான் அத்தையிடமே காட்டினேன்.

அத்தையின் மகள் திவ்னா டிரம்பெட் வாசிப்பாள். நீஷ் நகர இசைப்பள்ளியில் இடம் கிடைக்க, அன்று மாலைக்குள் அவள் வாசித்த பதிவு போய்ச் சேர வேண்டும், அமுக்காத வேவ் மட்டும். பல் பிடுங்கியதில் அவள் உதடு பூரிபோல வீங்கிக் கிடந்தது, மறுபடி வாசிக்க வழியில்லை. முன்பு அவள் வாசித்ததை என் போனில் பதிந்தவன் நான். அவளிடம் இருந்தது நான் நசுக்கி அனுப்பிய நகல் மட்டும். அசல் அழிந்துவிட்டது என்று சொல்லி, அந்த நகலையே வேவ் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அத்தை ஒலிபெருக்கியில் போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஒக்னென், எம்பொண்ணு மூச்சே விடாம வாசிச்சாளா?"

"இது வேவ் அத்தை. எவ்வளவு பெருசு பாருங்க!"

"குண்டா இருந்தா ஆரோக்கியமாடா? தண்ணிக்குள்ள ஊதுற மாதிரி இருக்கு. இத அனுப்புனா வாசல்லயே திருப்பி விட்ருவான்."

திவ்னா வீங்கிய உதட்டோடு, "ஒரு வருசமா இதுக்குத்தான்டா வாசிச்சேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இருங்க, பழைய போல்டர்ல ஒருதரம் தேடிப் பாக்குறேன்" என்று தேடுவதுபோலக் கொஞ்சம் நடித்து, அசலை எடுத்துக் கொடுத்தேன்.

டிரம்பெட் ஒலியில் கடை நிறைந்தது. மூச்சு இருந்தது, வால்வு தட்டும் சத்தம் இருந்தது. யோகர்ட் குடித்துக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்பத்தான் என் பொண்ணு வாசிக்கிறா. அனுப்புடி" என்றாள் அத்தை.

திவ்னா அனுப்பிவிட்டு வெளியே குதித்து ஓடினாள், தோழிகளிடம் சொல்ல. நானும் நழுவப் பார்த்தேன்.

"நில்லு." அத்தை கடைசிப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டாள். நீளமாக இழுக்கும் அந்தக் கடைசிச் சுரம். மாவுக் கையோடு இடது காதை ஒலிபெருக்கியின் பக்கம் சாய்த்தாள். "இதுக்கு அடியில யாரோ முணுமுணுக்குறாங்களே, யாருடா அது?"

"பக்கத்து வீட்டு டிவி அத்தை."

"ஓஹோ. அந்த டிவிக்கு என் பொண்ணு பேரு எப்படிடா தெரிஞ்சுது?"