மொட்டைமாடியில் காமாலை வைத்தியம்

பெங்களூர் போன மகனின் பழைய வீடியோ கேம் பெட்டி, காமாலை கண்டதுபோல் மஞ்சளாகிவிட்டது.

தீபாவளிக்கு அவன் வந்தால் ஆடலாமே என்று, அதன் மூடியிலும் இரண்டு கன்ட்ரோலர்களின் மூடியிலும் வெயில் பட்டால் மஞ்சளை வெளுக்கவைக்கும் பெராக்சைடு பூசி இன்று மொட்டைமாடியில் வைத்தேன்.

கோவில்பட்டி வெயில்! காக்கையைக் காயப்போட்டால் சாயங்காலம் கொக்காக எடுக்கலாம்.

பக்கத்து வீட்டு மரியா அங்கே மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தாள். "வத்தலோட சேத்து இதையும் பெரட்டி விட்டுட்டேன் அண்ணாச்சி."

உள்பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. வெளிப்பக்கம் அதே காமாலை.

"கையில பிடிக்கது ரெண்டு கெடக்கே, நீங்க ஒத்த ஆளுல்லா?"

"மவன் வாரான்லா!"

சற்றுமுன் மகனின் மெசேஜ் வந்தது. லீவு இல்லையாம்.

ஆகவே இந்தத் தீபாவளிக்குப் போட்டியின்றி நானே உலக சாம்பியன். எதிர்த்து ஆட யாராவது வருகிறீர்களா? கடலைமிட்டாய் உண்டு. வேண்டுமானால் நானே தோற்கிறேன்.