போனுக்கும் கேம் பெட்டிக்கும் வைத்த பரீட்சை

கிண்ணியா றஊப் இருபத்திரண்டு வருடமாக ஐஸ் ஆலையில் வேலை செய்கிறவர். அவருடைய கைகளுக்குச் சூடும் குளிரும் ஒன்றுதான். மனசும் அப்படித்தான் என்பது மனைவி ஜெஸீமாவின் கட்சி.

மகன் பஸ்லான் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருடம். அவன் விட்டுப்போன கேம் பெட்டி தொலைக்காட்சிக்குக் கீழே கறுப்பாகக் குந்தியிருந்தது. போன மாதம் ஒரு புதுப் போன் அனுப்பினான். கூடவே குரல்செய்தி: "வாப்பா, இந்தப் போன்ட சிப் அந்தப் பழைய பெட்டிய விட வேகம். பெட்டியில ரேம் எட்டு ஜீபீ, போன்ல பன்னிரண்டு. அத வித்துடுங்க."

ஜெஸீமாவுக்குச் சம்மதம். றஊபுக்குத்தான் கொடுக்க மனமில்லை. பஸ்லான் பாதியில் நிறுத்திய கால்பந்துத் தொடர் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஏலுமா? ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"ரெண்டிலயும் ஒரே விளையாட்டப் போட்டுப் பாப்பம். போன் ஜெயிச்சா பெட்டி போகட்டும்."

"பிறகு கதை மாறப்படாது," என்றாள் ஜெஸீமா.

பெட்டியை வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சரீப்பே நடுவர். இதில் சபைக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

போன் கண்மூடித் திறக்குமுன் விளையாட்டைத் திறந்தது. பெட்டி விசிறியை உறுமவிட்டு யோசித்தது. ஆனால் பதினைந்தாவது நிமிடம் போன் கொதித்தது, விசிறியில்லாத பிறவி. அதன் ஆட்டக்காரர்கள் முழங்கால் சேற்றில் ஓடுவதுபோல் இழுபட்டார்கள். பெட்டி சத்தம் போட்டபடி அதே வேகத்தில் ஓடியது.

"காக்கா, போன் மூச்சு வாங்குதே!" என்று றஊபை அண்ணன் முறை வைத்துக் கவலைப்பட்டார் சரீப்.

இன்னும் ஐந்து நிமிடம் றஊப் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் சூடேறிய எதையும் அவர் வாழ்நாளில் சும்மா விட்டதில்லை. கால் தானாகக் குசினிக்குப் போனது. கை தானாக ஐஸை உடைத்தது, பொலித்தீனில் கட்டியது, துணி சுற்றியது, போனின் முதுகுக்கு அண்டை கொடுத்தது.

போன் உசாரானது. ஆட்டக்காரர்கள் பறந்தார்கள்.

"இஞ்ச பாருங்க, நீங்களே வெல்ல வச்சிட்டீங்க!" ஜெஸீமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐஸ் வைக்கக் கூடாதென்று யாரும் பேசியிருக்கவில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்லி நேரத்தை வீணாக்காமல் வயரைக் கழற்றத் தொடங்கினார்.

"உள்ளுக்க கிடக்கிறதெல்லாம் நானே அழிச்சிடுவன், காக்கா. யோசிக்காதீங்க."

"ஓம்," என்றார் றஊப். "அழிங்க."